வந்து சேர்ந்தவன்

போன வாரம் ஒரு வேலையாக, கோர்ட் மொழிபெயர்ப்பாளர்களாகிய நம் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். உங்களில் ஒருவர் எழுந்து, எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஐயா, நான் புதுசா ஜாயின் பண்ணியிருக்கேன்" என்றார். மரியாதையான பிள்ளை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பழைய குறும்பு தலைதூக்கிவிட்டது.

"ஜாயின் பண்ணினீரோ? தமிழிலே சொல்லும் பார்ப்போம்" என்றேன்.

"வேலையில சேர்ந்தேன், ஐயா."

"சரி. நேற்று ரயிலில் ஈப்போவுக்கு வந்து சேர்ந்தீரே, அதற்கு இங்கிலீஷில் என்ன?"

"அரைவ்ட்."

"இரண்டுக்கும் தமிழில் ஒரே சேர்தல்தானே? கூண்டிலே நிற்கிறவன் 'சேர்ந்தேன்' என்றால் எதைச் சொல்வீர்?"

அவர் விழித்தார். பக்கத்து மேசையில் இருந்தவரும் விழித்தார். எனக்குத் தேநீர் வந்தது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பிள்ளையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தோமே என்று தோன்றியது. மீதியை எழுதியே கொடுத்துவிடுகிறேன். கோர்ட்டில் எங்கே நிற்பது, எப்படிச் சத்தியம் வாங்குவது, எந்தத் துரைக்கு எவ்வளவு குனிவது என்பதையெல்லாம் உங்கள் மேலதிகாரிகள் சொல்லித் தருவார்கள். அதில் எனக்கு எப்போதுமே அக்கறை இருந்ததில்லை.

இந்த 'ஜாயின்' இருக்கிறதே, பார்க்கத்தான் சாது. பட்டாளத்தில் ஜாயின், கையோடு கை ஜாயின், மரத்துண்டோடு மரத்துண்டு ஜாயின், ஆறு கடலோடு ஜாயின் என்று எங்கே கூப்பிட்டாலும் போகும். தமிழில் அதற்கு ஈடாக ஒரு சொல்லைத் தேடினால் ஏழு வந்து வாசலில் நிற்கும். சேர், இணை, கூடு, ஒட்டு, பொருத்து, பூட்டு, கல என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. அவசரத்தில் கைக்கு வருவது 'சேர்' ஒன்றுதான். அந்தச் சொல்லோ நம் காலை வாரிவிடுவதற்கென்றே பிறந்தது.

தைப்பிங்கில் ஒரு நிலத்தகராறு நடந்தது. நில அளவைக்கார வெள்ளைக்காரர் சாட்சி சொல்லும்போது, இவருடைய நிலம் அவருடைய நிலத்தோடு 'ஜாயின்ஸ்' என்றார். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்பதுதான் பொருள். அன்று மொழிபெயர்த்த நண்பர், மழைச் சத்தத்தில் காது கேட்காமலோ மதியச் சாப்பாட்டின் மயக்கத்திலோ, "உம்முடைய நிலம் அவரைச் சேர்ந்தது என்கிறார்" என்று சொல்லிவிட்டார். நிலக்காரர் கூண்டுக் கம்பியைப் பிடித்து உலுக்கி, "எவன் சொன்னது? என் அப்பன் வெட்டித் திருத்தின காடு!" என்று போட்ட சத்தத்தில் வெளியே குதிரைகள் மிரண்டதாகச் சொல்வார்கள். கெடுதல் ஒன்றும் நேரவில்லை. நண்பருக்குத்தான் அன்று முதல் 'நிலம் சேர்த்தவர்' என்று பெயர் நிலைத்துப்போனது. அவரும் சிரித்துக்கொண்டே அந்தப் பெயரோடு ஓய்வு பெற்றார்.

சிரிக்க முடியாத ஒன்றைத்தான் சொல்ல வந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்து, ஈப்போ மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தமிழ் துபாசியாகச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மொழிபெயர்ப்பாளர் என்று இன்று மரியாதையாகச் சொல்கிறீர்கள். அன்று, தமிழகத்திலிருந்து வந்த தோட்டத்து ஆட்களுக்கு நாங்கள் துபாசிகள். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டு அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். வால்போல ஒரு மலாய் 'லா'வும் ஒட்டிய அவர்கள் பேச்சு எனக்குப் பிடிபடவும் கொஞ்ச காலம் ஆயிற்று. பிடிபட்ட பிறகு அதில்தான் எனக்குக் காது ஒன்றியது.

ஜெலாப்பாங்குக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே ரப்பர் பால் நிறுக்கிற கொட்டகையில், கைப்பிள்ளைக்காரி ஒருத்தி தாமதமாக வந்தாள் என்று கங்காணி அவளைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்ததுதான் தாமதம். பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் வாளிகளைக் கீழே வைத்தார்கள். கங்காணியை இழுத்துப் போட்டு அடித்ததில் அவன் கை முறிந்தது. ஆபீஸ் கண்ணாடி உடைந்தது. போலீஸ் வந்து ஏழு பேரைப் பிடித்துக்கொண்டு போனது.

அந்த ஏழில் ஆறு பேர் எதையும் மறுக்கவில்லை. "ஆமா, அடிச்சோம்" என்று நிமிர்ந்து நின்றே சொன்னார்கள். ஏழாவது ஆள் சின்னச்சாமி. தோட்டத்து மாட்டுவண்டிக்காரன். ஈப்போவிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பிய வேளையில் கலவரம். "நான் வண்டியோட வந்தேன், சாமி. கூட்டத்துல நான் இல்ல" என்பதுதான் அவன் சொன்ன ஒரே பதில். அவனைக் கூட்டத்தின் நடுவே கண்டதாகத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சொல்லியிருந்தார். என்ன செய்தான் என்று கிராணிக்குத் தெரியவில்லை.

சட்டம் இதில் கொடுமையாகத் தெளிவானது. கலகம் செய்கிற கூட்டம் என்று தெரிந்தே அதில் ஒருவன் ஜாயின் ஆனால் போதும். அவன் கை யார் மேலும் படவேண்டியதில்லை. மற்றவர்கள் செய்ததற்கெல்லாம் அவனும் பங்காளி. ஆகவே சின்னச்சாமி பத்து காஜா என்ற ஊரின் சிறைக்குப் போவதா, வீட்டுக்குப் போவதா என்பது அந்த ஒரு வினைச்சொல்லில் தொங்கியது. அவனுக்கு வக்கீல் கிடையாது. வெளியே அவன் மனைவி பாக்கியம், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து நின்றாள். அவன் உள்ளே போனால் தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டை அவள் காலிசெய்ய வேண்டும்.

போலீஸ் தரப்பின் முக்கியமான சாட்சி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. ஆயாக் கொட்டகையும் பால் கொட்டகையும் எதிரெதிரே இருந்தன. வாயில் வெற்றிலையோடு வந்து, துப்பிவிட்டு வரும்படி திருப்பி அனுப்பப்பட்டு, அந்தக் கோபத்தோடு கூண்டில் ஏறினாள். கேட்டதற்கு ஒரு சொல், கேட்காததற்கு அதுவும் இல்லை. ஆறு பேரையும் பேர் சொல்லிக் காட்டினாள். கடைசியில், வழக்கை நடத்திய போலீஸ் இன்ஸ்பெக்டர், சின்னச்சாமி என்ன செய்தான் என்று கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன்.

"அடிதடி நடந்துக்கிட்டிருக்கு. அதுக்குள்ள சின்னச்சாமியும் வந்து சேந்துட்டான்" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். மூடினேன்.

வண்டியோடு வந்து சேர்ந்தானா? வந்து அவர்களோடு சேர்ந்தானா? இரண்டையும் அந்த வாக்கியம் தாங்கும். 'சின்னச்சாமியும்' என்கிற உம் வேறு இரண்டு பக்கமும் சாய்ந்தது. குரலிலாவது ஏதாவது தெரியுமா என்றால், ஆயா எல்லாவற்றையும் அரிசி விலை சொல்கிற குரலிலேயே சொன்னாள். ஸ்டேஷனில் அவள் கொடுத்த வாக்குமூலத்தை அங்கிருந்த குமாஸ்தா 'கேம் அண்ட் ஜாயின்ட்' என்றே எழுதியிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இன்ஸ்பெக்டர் அடுத்த காகிதத்தைப் புரட்டத் தொடங்கிவிட்டார்.

தம்பிகளே, அந்த இடத்தில் நான் 'ஜாயின்ட்' என்று சொல்லியிருந்தால் ஒருவரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். 'அரைவ்ட்' என்று சொல்லியிருந்தால் இன்ஸ்பெக்டர் ஆயாமேல் பாய்ந்திருப்பார், ஸ்டேஷனில் ஒன்று கோர்ட்டில் ஒன்றா என்று. அவளையே பொய்ச்சாட்சிக்காரி ஆக்கியிருப்பார். இரண்டில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையை மறைக்காமல் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அதற்குமேல் அதில் வீரம் ஒன்றும் இல்லை.

"கனம் மாஜிஸ்திரேட் அவர்களே, சாட்சி சொன்ன சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, அந்த இடத்தை வந்தடைந்தான். மற்றது, அந்த ஆட்களோடு இணைந்தான். எது என்று நான் தெரிவுசெய்யக் கூடாது. சாட்சியிடமே கேட்க அனுமதி வேண்டும்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். இப்படிப் பிரித்துக் கேட்டால் தப்பிக்கிற வழியைச் சாட்சியின் கையில் நாமே கொடுத்ததாகும் என்றார். துபாசி துபாசியாக இருக்கட்டும் என்றும் சொன்னார். அவர் சொன்ன முதல் பகுதியில் நியாயம் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். மாஜிஸ்திரேட், சீமையிலிருந்து வந்து அதிக நாள் ஆகாத இளம் வெள்ளைக்காரர். லத்தீன் படித்தவர், அதைக் கொஞ்சம் அடிக்கடி ஞாபகப்படுத்துவார். வந்தடைவதும் கூடுவதும் ஒரே சொல்லாக இருக்கிற பாஷை எப்படிப்பட்ட பாஷை என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. சாப்பாட்டுக்குப் பிறகு முடிவு சொல்கிறேன் என்று எழுந்து போனார்.

வெளியே வந்ததும் எங்கள் தலைமைத் துபாசி என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். எங்கள் ஊர்க்காரர்தான்.

"என்ன தம்பி, நீர் துபாசியோ, கேஸ் பேசுற அப்புக்காத்தோ?"

"ரெண்டு கருத்து இருக்கு, ஐயா."

"இருக்கட்டும். ரெண்டு கிடந்தா ஒண்டை எடுத்துப் போட்டிட்டு நடவும். சேருறதெண்டா ஜாயின். அகராதியில அப்பிடித்தான் கிடக்கு."

"பிழையானதை எடுத்திட்டா?"

"பிழையெண்டு ஆருக்குத் தெரியப்போகுது?"

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. உண்மைதானே? கூண்டில் நிற்கிறவனுக்கு இங்கிலீஷ் தெரியாது, மேலே இருக்கிறவருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நாம் என்ன சொன்னாலும் அதுதான் நடந்தது என்றாகிவிடும். நம் வேலையில் பயப்படவேண்டியது இதற்குத்தான். துரையின் முறைப்புக்கெல்லாம் பயப்படாதீர்கள்.

சாப்பிடப் பிடிக்காமல் மரத்தடிக்குப் போனேன். பாக்கியம் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"துபாசி ஐயா, வண்டியோட வந்தாருன்னு சொல்லிடுங்க ஐயா. உங்க வாயில இருந்து வந்தா துரை கேப்பாரு லா. இந்தப் புள்ளைய வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்? ரொம்ப சூசா ஐயா, பெரிய கஷ்டம்."

"அம்மா, என்னோட பேசக் கூடாது. போங்கோ."

"ஒரு வார்த்தைதானே ஐயா!"

"போங்கோ எண்டு சொன்னேன்!"

கத்திவிட்டேன். பிள்ளை அழத் தொடங்கியது. அவள் முந்தானையால் அதன் முகத்தை மூடிக்கொண்டு நகர்ந்தாள். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. இருந்தாலும் அவளிடம் ஒரு சொல் நல்லதாகப் பேசியிருந்தால், பிற்பகலில் என் வாயிலிருந்து வரும் எந்தச் சொல்லையும் நானே நம்பியிருக்க மாட்டேன். இரக்கம் வந்தால் கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கு அதை வரவிடாதீர்கள்.

பிற்பகல் மாஜிஸ்திரேட் உற்சாகமாக வந்து உட்கார்ந்தார். தன் அறையில் இருந்த தடித்த அகராதியைப் புரட்டியிருக்கிறார். 'ஜாயின்' என்ற சொல் பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்ததாம். லத்தீனில் அதற்கு முதல் பொருள் மாட்டை நுகத்தில் பூட்டுவதாம். நுகத்தடிக்கு இங்கிலீஷில் சொல்கிற 'யோக்' என்ற சொல்லும் இதற்குத் தூரத்துச் சொந்தமாம். "உங்கள் நாட்டு யோகம் என்ற வடசொல்லும் அதே குடும்பம்தான், தெரியுமா?" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். காலையில் பாஷையைப் பழித்ததற்கு அது சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, "துபாசி கேட்டபடி பிரித்துக் கேட்டால் நீங்கள் ஆட்சேபிக்கிறீர்கள். ஆகவே கேள்வியை நானே கேட்கிறேன்" என்றார். ஆயாவைப் பார்த்தார். "இந்த மனிதன் மற்றவர்களோடு ஒரே நுகத்தில் கழுத்தைக் கொடுத்தானா? கேளுங்கள்."

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். துரை அலங்காரமாகப் பேசுகிறார். அதன் கருத்தைச் சொல்வதென்றால், "அவங்களோட சேர்ந்தானா?" என்று கேட்கவேண்டும். காலையில் எந்தச் சொல்லில் வழக்கு மாட்டிக்கொண்டதோ, அதே சொல்லில் மறுபடியும் கொண்டுபோய் மாட்டினதாகும். சொல்லுக்குச் சொல் கேட்பதென்றாலோ, நுகம், கழுத்து என்று ஒரு வண்டிக்காரனைப் பற்றி ஆயாவிடம் கேட்கவேண்டும். சபை சிரிக்கும். தலைமைத் துபாசி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கருத்தைச் சொல்ல எனக்கு உரிமை இருந்தது, ஆனால் நல்ல சொல் இல்லை. சிரித்தால் சிரிக்கட்டும் என்று சொல்லுக்குச் சொல்லே கேட்டேன்.

"ஆயா, துரை கேக்கிறார். சின்னச்சாமி மத்தவங்களோட ஒரே நுகத்தில கழுத்தைக் குடுத்தானா?"

சிலர் சிரித்தார்கள். ஆயா சிரிக்கவில்லை. என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"கழுத்தா? அவன் எதுக்கு நுகத்துல கழுத்தக் குடுக்கிறான்? கையத்தான் குடுத்தான். ரெண்டு கையாலயும் நுகத்தடியப் புடிச்சித் தொங்கிக்கிட்டு நின்னான். கூச்சல்ல மாடு மெரண்டு போச்சுங்க. விட்டா வண்டி ஆயாக் கொட்டாய்க்குள்ள பூந்துடும். உள்ள தூளியில புள்ளைங்க கெடக்குதுங்க. நான் கத்துறேன், எவனும் திரும்பிப் பாக்கல. இவன் ஒருத்தன்தான் மாட்டோட மல்லுக்கட்டிக்கிட்டுக் கெடந்தான்."

நான் ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

"இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"யாரு கேட்டா?" என்றாள் ஆயா. "என்ன பண்ணினான்னு கேட்டீங்க. வந்து சேந்துட்டான்னு சொன்னேன். அப்புறம் நீங்க ஆளாளுக்கு இங்கிலீசுல சண்ட போட்டுக்கிட்டீங்க."

அதையும் மொழிபெயர்த்தேன். மாஜிஸ்திரேட்டுக்கு முகம் சிவந்தது, ஆனால் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் மேற்கொண்டு சில கேள்விகள் கேட்டார். ஆயா அசையவில்லை. ஆறு பேருக்கும் சில மாதச் சிறை. சின்னச்சாமி அவர்களோடு சேரவில்லை என்று தீர்ப்புச் சொல்லி அவனை விட்டுவிட்டார்கள். அந்தத் தீர்ப்பை அவனுக்குத் தமிழில் நான்தான் சொன்னேன். "நீ சேரலை எண்டு துரை சொல்றார். நீ போகலாம்."

அவன் கும்பிட்டான். ஆனால் உடனே போகவில்லை. ஆறு பேரையும் விலங்கு போட்டு அழைத்துக்கொண்டு போகும்வரை அங்கேயே நின்றான். அவர்களில் ஒருவன், "போ மச்சான், மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்றான். கேலியா, பாசமா என்று எனக்குப் புரியவில்லை. வெளியே பாக்கியம் என் காலைத் தொடக் குனிந்தாள். நான் விலகிக்கொண்டேன். அன்றைக்குச் சந்தோஷமாகவே வீட்டுக்குப் போனேன், மறைப்பானேன்? தலைமைத் துபாசிகூட வழியில் பிடித்து, "சரி, தப்பினீர்" என்றார். அது அவர் அகராதியில் பாராட்டு.

இத்தோடு கதையை நிறுத்தினால் உங்களுக்கும் எனக்கும் நன்றாகத்தான் இருக்கும்.

கொஞ்ச நாள் கழித்து, கோர்ட்டுக்கு எதிரே காப்பிக் கடையில் இருந்தேன். சின்னச்சாமி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, சற்றுத் தள்ளி நின்றான். இளைத்திருந்தான்.

"ஐயா, அந்த ஒரு வார்த்தைய மாத்த முடியுமா லா?"

"எந்த வார்த்தை?"

"நான் சேரலைன்னு எழுதியிருக்காங்கள்ல. அது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன, சிறைக்குப் போக ஆசையோ உனக்கு?"

"ஆச இல்ல ஐயா. தோட்டத்துல என்னை இப்போ பேரு சொல்லிக் கூப்புடுறதில்ல. சேராதவன்னு சொல்றாங்க. சின்னப் புள்ளைங்ககூட. 'டேய், சேராதவன் வண்டி வருது'ன்னு ஓடுதுங்க. அந்த ஆறு பேரு வீட்டுப் பொம்பளைங்க குழாயடியில என் சம்சாரத்தோட பேசுறதில்ல."

"ஆயா சொன்னது? நீ பிள்ளைகளைக் காப்பாத்தினது?"

"அது யாருக்கு லா ஞாபகம்? துரை சொன்ன வார்த்ததான் ஊருக்குள்ள வந்துச்சு."

கோர்ட்டில் நாம் ஆயிரம் சொல் சொல்கிறோம். வெளியே போய்ச் சேர்வது ஒன்றுதான், அது எந்த ஒன்று என்பது நம் கையில் இல்லை. அன்றுதான் அதை நேரில் பார்த்தேன். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"நடந்ததைத்தானே சொன்னார்கள்? நீ மாட்டைத்தானே பிடிச்சுக்கொண்டு நிண்டாய்?"

"நெசந்தான் ஐயா. ஆனா மாடு மட்டும் மெரளலைன்னா நான் போயிருப்பேன். அந்தப் பொண்ண அவன் அறஞ்சிட்டான்னு கூச்சல் கேட்டதும் நானும் வண்டியில இருந்து குதிச்சேன் ஐயா. குதிச்சப்பதான் மாடு மெரண்டுச்சு."

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்று சுற்றிலும் பார்த்தேன்.

"போயிருப்பேன் எண்டதுக்குச் சட்டத்தில இடமில்லை" என்றேன்.

"தோட்டத்துல இருக்கே ஐயா" என்றான்.

காப்பி குடிக்கச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் போனான். அன்று நான் கேட்ட கேள்வியில் பிழை இல்லை என்றுதான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். மறுபடி அதே கூண்டு, அதே ஆயா என்றால் மறுபடியும் அங்கேயே நின்று கேட்பேன். ஆனால் சரியாகச் செய்த வேலையும் மனிதனுக்கு வலிக்கும் என்பதை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால், காப்பிக் கடையில் அப்படி எரிந்து விழுந்திருக்க மாட்டேன். உங்களுக்காவது சொல்லிவைக்கிறேன்.

மாதங்கள் போயின. ஒரு நாள் காலை, கோர்ட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். பத்து காஜாப் பக்கமிருந்து வருகிற சாலையில் ஒரு மாட்டுவண்டி மெதுவாக வந்தது. மொட்டைத் தலைகளோடு ஆறு பேர், கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். விடுதலையாகி வருகிறவர்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. முன்னால் சின்னச்சாமி. என்னைக் கண்டதும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

"தோட்டத்து வண்டியல்லோ? மேனேசர் துரை அனுமதிச்சாரோ?" என்றேன்.

"கேக்கல ஐயா."

"கிராணியிடம்?"

"அவருகிட்டயும் கேக்கல. கேட்டா குடுப்பாங்களா லா? விடியக்காத்தாலயே மாட்டப் பூட்டிட்டேன்."

"வேலை போய்விடுமே!"

"போயிடும் ஐயா. சீட்டு கிழிச்சிடுவாங்க. லூமுட் பக்கம் பாதை போடுறாங்களாம், அங்க ஆள் எடுக்குறாங்கன்னு பாக்கியம் சொல்லுச்சு. போலாம்னு இருக்கோம்."

மனிதன் சிரித்துக்கொண்டே சொன்னான். வீடு போகாமல் காப்பாற்றத்தானே அவள் மரத்தடியில் என்னிடம் கெஞ்சினாள்? அந்த வீட்டை அவர்களே விட்டுவிட்டுப் புறப்படுகிறார்கள். வண்டியின் பின்னாலிருந்து, கோர்ட்டில் அன்று 'மாட்டுக்குத் தண்ணி காட்டு' என்று சொன்னவன் குரல் கொடுத்தான்.

"ஏய் சின்னச்சாமி, வெயில் ஏறுது. வா லா!"

பேர் சொல்லித்தான் கூப்பிட்டான். சின்னச்சாமிக்கும் அது கேட்டது. என்னைப் பார்த்து, கண் கலங்க, இரண்டு கைகளையும் கூப்பினான்.

"சேந்துட்டேன் ஐயா" என்றான்.

வண்டி போய்விட்டது. நான் அங்கேயே நின்று, வேலைப் பழக்கத்தில், அதை இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். 'அரைவ்ட்' என்று ஒரு தரம், 'ஜாயின்ட்' என்று ஒரு தரம். நல்ல வேளை, அன்று யாரும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.